சூப்பர்ப் தினசரிக் காராக: சத்தம், ஈரம், உதறல், விளக்கு – எதற்கு எங்கே பார்ப்பது

என்னிடம் இருப்பது 2017 மாடல் ஸ்கோடா சூப்பர்ப். 1.8 டி.எஸ்.ஐ பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். மடிப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் போய் வருகிறேன். எதிரே வரும்போது பார்த்தால் செடான் போலத்தான் தெரியும். ஆனால் பின்கதவைத் தூக்கினால் கண்ணாடியும் சேர்ந்தே மேலே போகும். உள்ளே 625 லிட்டர் இடம். பின் சீட்டை மடக்கினால் 1,760 லிட்டர். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது இந்தக் காரின் அருமை புரிந்தது. பின் சீட்டில் காலை முழுசாக நீட்டிக்கொள்வார். மடக்கிய சக்கர நாற்காலி, இரண்டு பெட்டி, ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டை எல்லாம் டிக்கியில் போனபின்னும் இடம் மிச்சம் இருக்கும்.

அதனாலேயே இந்தக் கார் ஒரு நாள் நின்றுபோனாலும் வீட்டில் நாலு வேலை கெடும். வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுக்கிற கார் என்றால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். தினசரிக் காருக்கு அன்றைக்கே ஒரு பதில் வேண்டும்: ஓட்டலாமா, நிறுத்தணுமா, நானே பார்க்கலாமா, மெக்கானிக்கிடம் போகணுமா. அந்தப் பதிலை அறிகுறியிலிருந்து எப்படித் தேடிப் போவது என்று கீழே எழுதியிருக்கிறேன். இதில் பெரும்பாலானவை ஆக்டேவியாவுக்கும், டிக்கியை இரண்டு விதமாகத் திறக்க முடிந்த பழைய இரண்டாம் தலைமுறை சூப்பர்புக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டு

ஸ்கேனர் வாங்குவதற்கு முன்னால் காரில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஏதாவது ஒன்று புதிதாகத் தோன்றினால் ஐந்து விஷயம் எழுதுங்கள். எஞ்சின் ஆறியிருந்ததா, சூடாக இருந்ததா? கார் ஓடும்போதா, நிற்கும்போதா? மழையா, வெயிலா? ஏசி போட்டிருந்ததா? பின்னால் ஆளோ சுமையோ இருந்ததா? மூன்று பதிவு சேர்ந்ததும் பாதிச் சந்தேகங்கள் தானாகக் கழன்றுவிடும். "சில சமயம் ஒரு மாதிரி சத்தம் வருது" என்று சொல்லி காரை விட்டுவிட்டு வந்தால், மெக்கானிக்குக்கு இருக்கிற ஒரே வழி ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதுதான். அதற்கான பணம் நம்முடையது.

ஓ.பி.டி ஸ்கேனர் ஒன்றும் வேண்டும். காரின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் சின்னக் கருவி அது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி போனிலேயே படிக்கலாம். சாதாரண ஸ்கேனர் எஞ்சின் குறியீடுகளை மட்டும்தான் காட்டும். கியர்பெட்டி, கதவு, ஏசி ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் படிக்க ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களுக்கென்றே வரும் ஸ்கேனர் தேவைப்படும்; ஸ்கோடா அந்தக் குழுமத்தைச் சேர்ந்தது. குறியீட்டை அழிப்பதற்கு முன்னால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டுக் கொண்டு போனால் மெக்கானிக்கிடம் காட்ட ஆதாரம் இருக்காது.

பின்னாலிருந்து தட்டுகிறது

"பின்னாடி ஏதோ தட்டுதுப்பா" என்று அம்மா சொன்ன முதல் நாள் நான் ஷாக் அப்சார்பரைத்தான் சந்தேகப்பட்டேன். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு விழுவது ஓட்டுபவருக்கு விழாது. செடானில் டிக்கிக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். இந்த வகைக் காரில் இரண்டும் ஒரே அறை. டிக்கியில் உருளும் எதுவும் சஸ்பென்ஷன் சத்தம் போலவே கேட்கும்.

வரிசையாகப் பாருங்கள். டிக்கியை முழுக்கக் காலி செய்யுங்கள். பக்கவாட்டுப் பொந்துகளையும் விடாதீர்கள். தரைப் பலகையைத் தூக்கி, ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். அடுத்து பொருட்களை மறைக்கும் பலகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, அதே தெருவில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டதா? பலகை உட்காரும் முளைகளில் துணி டேப் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். நிற்கவில்லையா? பின் சீட்டின் முதுகை ஒருமுறை மடக்கித் திரும்ப அறைந்து பூட்டுங்கள். பூட்டு பாதியில் நின்றிருந்தாலும் தட்டும். அவசரமாக பிரேக் போடும்போது அந்த முதுகுதான் சுமையைத் தாங்க வேண்டும் என்பதால் அதைச் சத்தத்துக்காக மட்டும் பார்க்காதீர்கள்.

அதுவும் இல்லையென்றால் பின்கதவு. மூடிய கதவின் கீழ் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைந்தால், கதவின் இரு ஓரங்களிலும் இருக்கும் ரப்பர் முட்டுகளைப் பாருங்கள். பெரும்பாலும் அவற்றைத் திருகி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே கொண்டுவர முடியும். கதவு ரொம்ப இறுக்கமாக மூடினால் அரைச் சுற்று திரும்பக் குறைத்துக்கொள்ளலாம். இத்தனையும் பார்த்த பிறகுதான் ஷாக் அப்சார்பர். எங்கள் காரில் தட்டியது, பக்கப் பொந்துக்குள் போய் மாட்டிக்கொண்ட ஒரு எவர்சில்வர் டிபன் மூடி. அது கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பின் ஷாக் அப்சார்பரையும் மாற்ற மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பின்கதவு நிற்கவில்லை, திறக்கவில்லை

கண்ணாடியும் சேர்ந்த கதவு என்பதால் எடை அதிகம். மேலே தூக்கியபின் மெல்ல இறங்கி வந்தால், கதவைத் தாங்கிப் பிடிக்கும் வாயுத் தண்டுகளின் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம். குளிர்ந்த காலையில் மட்டும் இறங்கினால் அதுதான் தொடக்கம். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். மோட்டாரில் திறக்கும் கதவு பாதியில் நின்றால், எதுவும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு பேட்டரி மின்னழுத்தத்தைப் பாருங்கள். பேட்டரி தளர்ந்தால் முதலில் முரண்டு பிடிப்பவற்றில் இதுவும் ஒன்று.

நம்பர் பிளேட் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, பின் கேமரா படம் நடுங்குகிறது, கதவுப் பொத்தான் ஒருநாள் வேலை செய்கிறது, ஒருநாள் இல்லை. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால், கீல் அருகே கூரையிலிருந்து கதவுக்குப் போகும் மடிப்பு ரப்பர் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே போகும் ஒயர்கள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வளைகின்றன. தினமும் நாலைந்து முறை திறக்கும் காரில் சில வருடங்களில் காப்புறை வெடித்துச் செம்பு தெரியும். டேப் சுற்றி விடாதீர்கள், மறுபடி அதே இடத்தில் ஒடியும். வளையும் தன்மை அதிகமுள்ள ஒயரைக் கொஞ்சம் நீளமாக இணைக்கச் சொல்லுங்கள். கேமராவோ பூட்டோ வாங்குவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீளமான பொருளை ஏற்றி, பின்கதவைக் கயிற்றால் பாதி கட்டி ஓட்டாதீர்கள். இந்த வடிவக் காருக்குப் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்பும். சைலன்சர் புகையும் அதோடு வரும். அதில் இருக்கும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. பொருள் கதவை மூட விடவில்லை என்றால் ஒரு சின்ன வண்டி பேசிவிடுங்கள்.

கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறது

சென்னையில் அக்டோபர் தொடங்கினால் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஈரம் ஒன்றுதான், வரும் வழி நாலு. முதலில் மேட்டைத் தூக்கி, கார்பெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும். அடியில் இருக்கும் தடித்த ஸ்பாஞ்சு மட்டும் நீரைக் குடித்து உட்கார்ந்திருக்கும்.

ஈரத்தைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். வழவழப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். உள்ளே இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. கண்ணாடியும் உள்பக்கமாக எண்ணெய்ப் படலம் போலப் பனிக்கும். அது மெக்கானிக் வேலை.

வெறும் தண்ணீர், மழையே இல்லாத நாளிலும் வருகிறது, ஏசி ஓடிய பிறகு மட்டும் வருகிறது என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. நன்றாக ஓடும் ஏசி சென்னைப் புழுக்கத்தில் காருக்கடியில் ஒரு சின்னக் குட்டையே விடும். தரையில் சொட்டு விழவில்லை, உள்ளே ஈரம் இருக்கிறது என்றால் விடை கிடைத்துவிட்டது.

மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் மிச்சம் இரண்டு வழி. கதவின் உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் அடைப்பு இடம் விட்டிருக்கலாம். அப்படியானால் கதவை ஒட்டிய ஓரம் அதிகமாக நனைந்திருக்கும். கதவின் கீழ் விளிம்பில் இருக்கும் நீர்த் துளைகளையும் ஒரு குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

சன்ரூஃப் உள்ள கார் என்றால் பெரும்பாலும் குற்றவாளி அதன் வடிகால்தான். சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுப்பதற்காக வைத்ததில்லை. கொஞ்சம் நீர் உள்ளே வரும், சுற்றுக் கால்வாயில் சேரும், மூலைகளிலிருந்து குழாய்கள் வழியாகக் கீழே இறங்கி வெளியே போகும். அப்படித்தான் வடிவமைப்பே. எங்கள் தெருவில் கார் நிற்பது வேப்ப மரத்தடியில். வேப்பம்பூவும் இலைக்காம்பும் தூசியும் சேர்ந்து முன் வலது மூலையில் களிமண் போல அடைத்துவிட்டன. ஒரு மழை இரவுக்குப் பிறகு டிரைவர் பக்கம் கால் வைத்தால் சொதசொதவென்று இருந்தது.

சோதனை எளிது. சன்ரூஃபைத் திறந்து, முன் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னாலோ கதவுக் கீல் பக்கமோ சில நொடிகளில் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு. தடித்த தங்கூஸ் நரம்பை, நுனியை லைட்டரில் லேசாக உருக்கி மழுக்கிவிட்டு, மெல்லச் செலுத்தி முன்னும் பின்னும் அசையுங்கள். கம்பி வேண்டாம், குழாயைக் கிழிக்கும். பஞ்சர் கடைக் காற்றை அடித்துவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். கூரைக்குள்ளேயே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால், அதுவரை காலடியில் வந்த தண்ணீர் அப்புறம் தலைக்கு மேலேயே இறங்கும்.

எந்த வழியில் வந்த தண்ணீராக இருந்தாலும் ஸ்பாஞ்சைக் காயவைத்தே ஆக வேண்டும். கார்பெட்டுக்கடியில் ஒயர் இணைப்புகள் போகின்றன. இன்று ஈரம், மூன்று மாதம் கழித்துப் பச்சைப் பூஞ்சை பிடித்த இணைப்பு, காரணம் தெரியாத மின் கோளாறு என்று நீளும். நான் சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கிக் கட்டி, டேபிள் ஃபேனை இரண்டு நாள் ஓடவிட்டேன்.

நெரிசலில் உதறுகிறது

முதலில் உங்கள் காரில் என்ன கியர்பெட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். 1.8 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது 7 கியர் டி.எஸ்.ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்; இரண்டுமே உலர் கிளட்ச். டீசலில் வந்தது 6 கியர், எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச். டீசல்காரர்கள் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றினாலே பாதிக் கவலை தீர்ந்தது.

உலர் கிளட்ச் என்றால், மேனுவல் காரில் இருக்கும் அதே மாதிரித் தட்டுதான். அதை அழுத்தி விடுவது மட்டும் கணினி. நாம் பிரேக்கைப் பாதி விட்டு ஓர் அடி ஓர் அடியாக ஊர்ந்தால், அது பாதி கிளட்ச்சில் தேய்ந்துகொண்டே இருக்கிறது. மேடவாக்கம் சிக்னலில் அரை மணி நேரம் அப்படி ஊர்ந்தால் தட்டு கொதித்து, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறும்.

அதனால் முதல் சோதனை ஓட்டும் முறையில். ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்கள்: முன் வண்டிக்கும் நமக்கும் ஒரு கார் நீளம் இடைவெளி விழும்வரை பிரேக்கை முழுசாக அழுத்தி நில்லுங்கள். அப்படி அழுத்தினால் கிளட்ச் விலகிக்கொள்ளும். பிறகு தயங்காமல் கிளம்புங்கள். மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே காரை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இடைவெளி விட்டால் ஆட்டோவும் பைக்கும் புகுந்துவிடும் என்பது உண்மைதான். புகட்டும். ஒரு கிளட்ச் செட்டுக்கு ஆகும் செலவை நினைத்தால் அது பெரிதாகத் தெரியாது.

ஒரு வாரத்துக்குப் பிறகும் உதறினால், அது கிளட்ச்சா எஞ்சினா என்று பிரியுங்கள். பி-யில் நிறுத்தியிருக்கும்போதும் எஞ்சின் குலுங்கினால் கியர்பெட்டியைக் குறை சொல்லாதீர்கள், கீழே எஞ்சின் விளக்கு பற்றிய பகுதிக்குப் போங்கள். நிற்கும்போது அமைதி, நகரும் முதல் சில அடிகளில் மட்டும் நடுக்கம் என்றால் கிளட்ச். அதைப் புதிதாக மாற்றும் முன் கணினி வழியாகக் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தை மறுபடி கற்பிக்கும் வேலையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சில கார்களில் அதுவே போதும்.

ஓடும்போது கியர் எழுத்துகள் திரையில் மின்னி, சில கியர்கள் மட்டும் வராமல் போனால் எவை வரவில்லை என்று கவனியுங்கள். 1, 3, 5, 7 ஒரு கிளட்ச்சில் இருக்கின்றன. 2, 4, 6 இன்னொன்றில், ரிவர்ஸும் அதிலேதான். ரிவர்ஸ் விழவில்லை, இரண்டாம் கியரும் விழவில்லை என்றால் ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறது. எல்லாமே போய், ஸ்கேனரில் பி17பிஎஃப் என்று வந்தால், கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் பெட்டியில் எண்ணெய் அழுத்தம் நிற்கவில்லை. அழுத்தச் சேமிப்பான் இருக்கும் இடத்தில் உலோகக் கூடு விரிவது இந்த வகைக் கியர்பெட்டியில் உலகமறிந்த சங்கதி. அதற்கு மொத்தக் கியர்பெட்டியும் தேவையில்லை. மெக்கட்ரானிக்கைத் தனியாகப் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் தலைமுறைக் கார் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நாடுகளில் இந்தப் பெட்டியின் செயற்கை எண்ணெயால் மின் கோளாறு வந்ததால், 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மினரல் எண்ணெய்க்கு மாற்றியது. அந்தக் கால கார் என்றால் அது செய்யப்பட்டதா என்று சர்வீஸ் பதிவில் தேடுங்கள்.

ஏசி: ஓடினால் குளிர், நின்றால் வெக்கை

இந்த ஒரு வரியே பாதி விடை. ஓடும்போது எதிர்க்காற்று, ஏசியின் சூட்டை வெளியே விடும் முன்பக்கக் கன்டென்ஸரைக் குளிர்விக்கிறது. நின்றால் மின்விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஏசி போட்டு, பானெட்டைத் திறந்து, விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால், டார்ச் அடித்துக் கன்டென்ஸர் தகடுகளுக்கு நடுவே பாருங்கள். ஓ.எம்.ஆரில் கட்டட வேலைத் தூசிக்கும், இரவு நெடுஞ்சாலைப் பூச்சிகளுக்கும் பஞ்சமில்லை. கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்குச் சொன்னார்கள். இன்னொரு மெக்கானிக் பம்பரைக் கழற்றி, கன்டென்ஸரைத் தண்ணீரில் மெல்லக் கழுவிக் கொடுத்தார். அதோடு சரியானது. அழுத்தம் அதிகமுள்ள தண்ணீர் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

முதல் அரை மணி குளிர்ந்து பிறகு காற்றே குறைகிறது என்றால் உள்ளே பனி கட்டுகிறது. டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள்.

தெருமுனை ஏசி மெக்கானிக் ஒருவர் "டக்குன்னு சத்தம் வரல சார், கம்ப்ரஸர் கிளட்ச் போச்சு" என்றால் நிதானியுங்கள். இந்தக் கார்களில் வரும் கம்ப்ரஸரில் அந்தக் காந்தக் கிளட்ச் பொதுவாகவே கிடையாது. எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே ஒரு வால்வு அளவைக் கூட்டிக் குறைக்கும். சத்தம் வராதது இயல்பு.

கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் அளவைப் பாருங்கள். சூட்டில் மூடியைத் தொடவே கூடாது. டப்பாவின் வெளிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு விரல் அகலம் இறங்கினால் எங்கோ போகிறது என்று பொருள்.

இந்தத் தலைமுறை 1.8, 2.0 பெட்ரோல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டும் தண்ணீர் பம்பும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில் வருகின்றன. வருடக் கணக்கில் சூடும் குளிரும் பட்டு அது ஒழுகத் தொடங்குவது பரவலாகத் தெரிந்த பலவீனம். சூடான பாகத்தில் பட்டு ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டு இருக்காது. கியர்பெட்டி மேல்புறத்தில் டார்ச் அடித்தால் காய்ந்த இளஞ்சிவப்புப் படிவம் தெரியும். அதுதான் தடயம். கூட்டையே மாற்ற வேண்டும். அதுவரை ஓட்ட, அதே வகைக் கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம்மூர்ப் போர் தண்ணீர் கெட்டிலில் விடும் வெள்ளைப் படலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே படலம் ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

எஞ்சின் ஆயில் குறைவது வேறு கதை. இரண்டாம் தலைமுறை சூப்பர்பின் 1.8 எஞ்சின் ஆயில் குடிப்பதற்குப் பெயர் போனது. அந்தக் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவுக் குச்சியை எடுத்துப் பார்ப்பது நல்லது. அதே பழைய எஞ்சினில், குளிர்ந்த ஸ்டார்ட்டில் சில நொடி சங்கிலி உராயும் கடகடப்பு கேட்டால் டைமிங் செயின் இறுக்கியைத் தாமதிக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். அது விட்டால் வால்வுகளும் பிஸ்டனும் மோதும்.

எஞ்சின் விளக்கு

நிலையாக எரிந்தால் ஓட்டிப் போய்ப் பார்க்கலாம். மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகிறது என்று பொருள், மெதுவாக ஓட்டிச் சீக்கிரம் நிறுத்துங்கள். ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எஞ்சின் ஆறியதும், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் அதன் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கும், மூன்றாவதன் காயிலை இங்கும் மாற்றிப் போடுங்கள். குறியீடு பி0303 என்று நகர்ந்தால் காயில் போய்விட்டது. நகரவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், பிறகு இன்ஜெக்டர். காசே செலவில்லாத சோதனை இது.

ஈ.பி.சி விளக்கும் (எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டில் கோளாறு என்று சொல்லும் விளக்கு), பின்னால் பிரேக் விளக்கு எரியாததும் சேர்ந்து வந்தால் பிரேக் விளக்குக்கான சின்ன சுவிட்ச்சைப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்தாறு எச்சரிக்கைகள்

ஏ.பி.எஸ், ஸ்டீயரிங், டயர் அழுத்தம், பார்க்கிங் பிரேக் எல்லாம் ஒன்றாகக் கத்தினால் எல்லாமே ஒரே இரவில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. பேட்டரியை அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்றபின் 12.6 வோல்ட் இருந்தால் நலம். 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். சென்னை வெயிலில் மூன்று நான்கு வருடத்துக்கு மேல் பேட்டரி தாங்கினால் அதிர்ஷ்டம்.

புதுப் பேட்டரியும் இரண்டு நாளில் இறங்கினால் கதவுகளைக் கவனியுங்கள். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியவில்லை, அல்லது எல்லாவற்றையும் மூடிய பிறகும் கதவு திறந்திருப்பதாகத் திரை சொல்கிறது என்றால், பூட்டுக்குள் இருக்கும் நுண் சுவிட்ச் தவறாகச் சொல்கிறது. கார் தூங்கப் போகாமல் விழித்தே கிடந்து பேட்டரியைத் தின்னும்.

முன்பக்கச் சத்தமும் டயரும்

வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது "டக்" என்றால் முதலில் ஸ்டெபிலைசர் இணைப்புக் கம்பி. மலிவானது, அடிக்கடி போவது. நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முனகுகிறது என்றால் சஸ்பென்ஷன் மேல் மவுன்ட். முழுசாகத் திருப்பி ஓட்டினால் "டிக் டிக்" என்றால் அச்சு மூட்டு. 60-க்கு மேல் அடியில் படபடவென்று துணி அடிப்பது போலக் கேட்டால் பயப்பட வேண்டாம், அடித்தட்டின் திருகு விழுந்து பிளாஸ்டிக் காற்றில் ஆடுகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,841 மில்லிமீட்டர் என்பதால், ஆள் நிறைய ஏற்றிப் போனால் கூரான வேகத்தடைகள் நடு வயிற்றைத் தொடும். சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

வேகம் கூடக் கூட "ஊம்" என்று ஏறும் சத்தம் டயரா, பேரிங்கா? முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். சத்தம் இடம் மாறினால் டயர். மாறவில்லை, நீண்ட வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடுகிறது என்றால் பேரிங். டயரின் பக்கச் சுவரில் கொப்புளம் போலப் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதற்கு ஒட்டு கிடையாது, அன்றே மாற்றுங்கள்.

எலி

அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் வாரக் கணக்கில் நிறுத்தினால் வரும். பானெட்டுக்கடியில் துணுக்கு, எச்சம், கடித்த ரப்பர் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யும் முன்னால் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் தொடாதீர்கள். உள்ளறைக்குக் காற்று போகும் வழியில் இரும்பு வலை போடுவதும், இரண்டு நாளுக்கு ஒருமுறை காரை நகர்த்துவதும் எனக்குப் பலன் தந்தன. பெருங்காயமும் ரசகற்பூரமும் தரவில்லை.

ஓட்டவே கூடாத நிலைகள்

சிவப்பு ஆயில் விளக்கு, சிவப்பு வெப்ப விளக்கு, பிரேக் மிதி தரைவரை போவது. இந்த மூன்றிலும் வீடு பக்கத்தில்தானே என்று நினைக்காதீர்கள்.

நான்காவது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நின்ற கார்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாதிச் சக்கரம் வந்தால் திரும்பிவிடுங்கள். தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அடுத்த சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அழுத்தாமல் விட்ட எஞ்சினைப் பிளக் கழற்றி நீர் எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

இழுத்துப் போக ஆள் வந்தால், முன்சக்கரம் தரையில் உருள இழுக்க விடாதீர்கள். ஆட்டோமேட்டிக் என்று சொல்லி முழுக் காரையும் ஏற்றும் ஃப்ளாட்பெட் லாரியைக் கேளுங்கள். இழுவைக் கொக்கி டிக்கித் தரைக்கடியில், ஸ்டெப்னியோடு இருக்கும் கருவிகளில் இருக்கிறது. 625 லிட்டர் சாமானையும் மழையில் நடுரோட்டில் இறக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நான் அதை முன் சீட்டுக்கடியில் ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.